சின்னத்திரை மருத்துவரும் ஒரு கொடி இரட்டையரும்



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் இனிது முடிந்து, அன்பர்கள் காப்பியும் கையுமாக நின்று அளவளாவிக்கொண்டிருந்த வேளையில், ராஸ்தா பேட்டையிலிருந்து வரும் மூதாட்டியார் ஒருவர் நம்மைச் சற்றுத் தனியே அழைத்தார். இடுப்பில் எட்டு மாதப் பேத்தி இருந்தாள். அவள் நம் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பதிலேயே கருத்தாக இருந்தாள்.

"ஐயா, நீங்கள் நாலும் படித்தவர்கள். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்ல வேண்டும். டி.வி.யில் இதே நோவுக்கு, இதே ஆபரேஷன் செய்து, இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிக் கொடுத்தார்களே! நம் வீட்டில் மட்டும் ஏன் ஒன்று போயிற்று? இவள் அம்மா ஏதாவது செய்யக் கூடாததைச் செய்துவிட்டாளா?"

கேட்டவர் மாமியார். நாலடித் தொலைவில் நின்ற மருமகளின் காதில் இது விழாமல் இருக்க வழியில்லை. அப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்க்கலானாள். அந்நாட்காட்டியில் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

நாம் அப்போது கூறிய விடை நமக்கே நிறைவு தரவில்லை. ஆகவே வீடு திரும்பியபின் நூல்களைப் புரட்டியும், நமக்குத் தெரிந்த மகப்பேற்று மருத்துவர் ஒருவரை வினவியும் அறிந்தவற்றை இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகின்றோம். அக்குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்றே எழுதுகின்றோம்; பெயர் சுட்டவில்லை.

முதற்கண், அம்மூதாட்டியார் கண்டது யாது என்பதைக் கூறிவிடுதல் நலம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே அமெரிக்கத் தொடர்களைப் பார்க்கின்றனர். பெரியோரும் உடன் அமர்ந்துவிடுகின்றனர். மொழி விளங்காவிடினும், மருத்துவமனையில் அழுகின்ற தாயின் முகம் எவருக்கும் விளங்குமன்றோ? 'கிரேஸ் அனாட்டமி' என்னும் தொடரில், 2005ஆம் ஆண்டு முதற்பருவத்தின் இறுதியில், அட்டிசன் மான்ட்கொமரி என்னும் பெண் மருத்துவர் பாத்திரம் சியாட்டில் நகரத்து மருத்துவமனைக்கு வந்து சேருகின்றது. அவர் அங்கு அழைக்கப்பட்டதே, வயிற்றிலுள்ள இரட்டையரிடையே குருதி ஒருபக்கமாகப் பாயும் நோய்க்குச் சிகிச்சை செய்வதற்காகத்தான். கருவிலிருக்கும் குழந்தைக்கு அறுவை செய்யலாம் என்பதைக் கோடிக்கணக்கான இல்லங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டது இத்தகைய தொடர்களால்தான் என்றால் மிகையாகாது. 2007இல் 'ஹவுஸ்' என்னும் மற்றொரு தொடரில், கருப்பையைத் திறந்து அறுவை செய்கையில் சிசுவின் கை வெளியே நீண்டு மருத்துவரின் விரலைப் பற்றுவதாகக் காட்டினார்கள். பார்த்தவர் எவரும் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

அக்காட்சிக்கு ஒரு மூலம் உண்டு. 1999இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து வான்டர்பில்ட் மருத்துவமனையில், முதுகெலும்புப் பிளவுற்ற ஒரு சிசுவுக்குக் கருவிலேயே அறுவை செய்தபோது, மைக்கேல் கிளான்சி என்பவர் எடுத்த ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. சிசு தானே கை நீட்டி மருத்துவரின் விரலைப் பற்றியது என்று பலரும் நெஞ்சம் உருகினர். அறுவை செய்த மருத்துவரோ, தாயும் சேயும் மயக்க மருந்தில் இருந்தனர் என்றும், கையைத் தாமே எடுத்து உள்ளே வைத்ததாகவும் விளக்கினார். படம் எடுத்தவர் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. அவ்வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நம் பொருளுக்கு வேண்டியது இவ்வளவே: அது ஒற்றைச் சிசு, நோயும் வேறு. முதுகெலும்புப் பிளவுக்குத்தான் கருப்பையைத் திறக்கின்றனர். இரட்டையரின் குருதிப் பாய்வு நோய்க்குக் கருப்பையைத் திறப்பதே இல்லை. இவ்விரண்டும் சின்னத்திரை பார்ப்போர் உள்ளத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அம்மூதாட்டியார்கூட, "வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துச் சரிசெய்து மறுபடியும் உள்ளே வைத்துத் தைத்தார்கள்" என்றுதான் தம் மருமகளுக்கு நடந்ததை அண்டை அயலாரிடம் கூறி வந்திருக்கின்றார். மருமகளின் வயிற்றில் இருப்பதோ சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு தழும்பு.

அந்நோயைச் சற்று விளங்கச் சொல்வோம். இரட்டையர் இருவகையினர். இரு வேறு கருமுட்டைகளிலிருந்து தோன்றியோர் ஒரு வகை. அவர்களுக்கு நஞ்சுக்கொடியும் தனித்தனியே உண்டு. ஒரே கருமுட்டை பிளந்து இருவரானோர் மற்றொரு வகை. இவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு வீட்டில் இரு குடித்தனம், சமையலறை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை நஞ்சுக்கொடியில் இருவருடைய குருதிக் குழாய்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். போக்கும் வரவும் சமமாக இருக்குமாயின் தீங்கில்லை. இத்தகைய இரட்டையருள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேரிடத்தில் அச்சமநிலை குலைந்து, ஒரு சிசுவின் குருதி மற்றொன்றை நோக்கி ஓயாது பாயத் தொடங்குகின்றது. பெரும்பாலும் 16ஆம் வாரத்திற்கும் 26ஆம் வாரத்திற்கும் இடையில் இது நேரும்.

கொடுக்கும் சிசுவைக் கொடையாளி என்றும், பெறும் சிசுவைப் பெறுநர் என்றும் மருத்துவர்கள் அழைக்கின்றனர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி தன் விருப்பத்தால் ஈந்தான். இங்கே ஈயும் சிசுவுக்கு விருப்பமும் இல்லை, அறிதலும் இல்லை. கொடையாளிக்குக் குருதி குன்றுவதால் சிறுநீர் குறைகின்றது. பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரே ஆதலால் நீரும் வற்றுகின்றது. பனிக்குடத் தோல் உடலோடு ஒட்ட, சிசு கருப்பையின் ஓரத்தில் அசைவற்று ஒடுங்குகின்றது.

சரி, பெற்றுக்கொண்டவனாவது வாழ்கின்றானா? அதுவும் இல்லை. அளவுக்கு மிஞ்சிய குருதியைத் தாங்கமாட்டாமல் அவன் இதயம் தளர்கின்றது. சிறுநீர் மிகுந்து பனிக்குடம் பெருகித் தாயின் வயிறு சில நாட்களிலேயே ஊதிவிடுகின்றது. கதைகளில் ஒரு பிள்ளையைத் திருடனாகவும் மற்றதை ஏழையாகவும் காட்டி, 'எதைக் காப்பாற்றுவது, தாயே தேர்ந்தெடு' என்று ஒரு கட்டம் அமைப்பது எளிது. உண்மையில் இருவரும் ஒரே வெள்ளத்தில் அகப்பட்டவர்கள். கடுமையான நிலையில் சிகிச்சையின்றி விட்டால், பத்தில் எட்டு ஒன்பது சிசுக்கள் மடிந்துவிடும். ஒன்று மடிகையில், இணைந்திருக்கும் குழாய்களின் வழியே மற்றதன் குருதியும் திடீரென வடிந்து, பிழைத்திருக்கும் சிசுவின் மூளைக்குக் கேடு விளையலாம்.

இதற்குச் செய்யும் அறுவையில் சிசுவை எவரும் தொடுவதில்லை. தாயின் வயிற்றில் ஒரு சிறு துளையிட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள குழல் ஒன்றைப் பனிக்குடத்துள் செலுத்துகின்றனர். அதன் முனையில் ஒளியும் கண்ணும் உண்டு. மருத்துவர் திரையைப் பார்த்தவாறு, நஞ்சுக்கொடியின் பரப்பில் ஒருவர் பக்கத்திலிருந்து மற்றவர் பக்கம் செல்லும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டு லேசர் ஒளியால் அடைக்கின்றார். பின்னர் மிகுதியான நீரை வடித்துவிடுகின்றனர். பெரும்பாலும் தாய்க்கு அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்வதோ, முதுகில் ஊசியிட்டுக் கீழுடலை மரக்கச் செய்வதோ போதும். சிந்தித்துப் பாருங்கள்: கலங்கிய நீர், குறுகிய பார்வை, ஆற்றுப்படுகையில் மீன் தேடுவதுபோல் குழாய் தேடும் வேலை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உரத்த இசைக்கோ ஓட்டத்திற்கோ அங்கு இடமில்லை. நாடக ஆசிரியருக்கு இது போதாது என்பதை நாம் அறிவோம். அதனால்தான் கத்தியும் குருதியும் வருகின்றன.

இக்கலை வளர்ந்த வரலாற்றில் இருந்த பொறுமையும் திரையில் காண்பதற்கில்லை. 1963இல் நியூசிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் லிலீ, கருவிலிருக்கும் சிசுவுக்கு முதன்முதல் குருதி ஏற்றினார். 1981இல் கலிபோர்னியாவில் மைக்கேல் ஹாரிசன் கருப்பையைத் திறந்து முதல் அறுவை செய்தார். இரட்டையர் நோய்க்கு லேசர் கொண்டு குழாய்களை அடைத்த செய்தியை ஜூலியன் டி லியாவும் அவர் குழுவினரும் 1990இல் வெளியிட்டனர். ஆயினும் அது பழைய முறையைக் காட்டிலும், அதாவது மிகுதியான நீரை அவ்வப்போது ஊசியால் வடிக்கும் முறையைக் காட்டிலும் மேலானதா என்னும் ஐயம் நெடுநாள் நீங்கவில்லை. 2004இல் ஐரோப்பிய மருத்துவர் கூட்டமைப்பு ஒன்று 142 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வு வெளிவந்தது. லேசர் பெற்றோருள் நூற்றுக்கு 76 பேருக்கு ஒரு குழந்தையேனும் பிறந்து 28 நாள் பிழைத்திருந்தது. நீர் வடித்தோருள் 56 பேருக்கே அப்பேறு கிட்டியது. அத்துடன் ஐயம் தீர்ந்தது. கிரேஸ் அனாட்டமியில் அந்த அம்மையார் தோன்றியது அதற்கு மறு ஆண்டு.

'ஒரு குழந்தையேனும்' என்னும் சொல்லை நம் சகோதரிகள் ஊன்றி நோக்க வேண்டுகின்றோம். மருத்துவர் நூல்களில் வெற்றி என்பதன் முதல் அளவே அதுதான். அதன்பின் திறமை வளர்ந்துள்ளது. தேர்ந்த இடங்களில் இன்று பத்தில் எட்டு ஒன்பது தாய்மார் ஒரு குழந்தையையேனும் மார்பில் ஏந்துகின்றனர். இரு குழந்தைகளும் பிழைப்பது ஏறத்தாழப் பத்தில் ஆறு என்ற அளவிலேயே நிற்கின்றது. குழாய் ஒன்று கண்ணுக்குத் தப்பலாம். கொடையாளிக்கு நஞ்சுக்கொடியில் கிடைத்த பங்கே போதாமல் இருக்கலாம். துளையிட்ட பனிக்குடம் காலத்திற்கு முன் உடையலாம். இவை மருத்துவர் பிழையும் அல்ல, தாயின் பிழையும் அல்ல. நம் அம்மூதாட்டியாரின் இல்லத்தில், அறுவை முடிந்த இரண்டாம் நாள் கொடையாளியின் இதயத் துடிப்பு நின்றது. மற்றவள் 33ஆம் வாரத்தில் பிறந்தாள். நூற்கணக்கின்படி அது வெற்றி. வீட்டுக் கணக்கின்படி அது ஒரு தொட்டில் குறைவு. இவ்விரு கணக்கையும் எதிரெதிரே வைத்து அத்தாய் எட்டு மாதமாக வாழ்கின்றாள்.

தொடரைப் பார்த்தவர்க்கு இவ்வெண்கள் வியப்பளிப்பதில் வியப்பில்லை. சின்னத்திரையில் மரணம் மெதுவாகவும் அரிதாகவுமே வருகின்றது. 1996இல் அமெரிக்க மருத்துவர் மூவர் ஒரு வேடிக்கையான ஆய்வை வெளியிட்டனர். நின்ற இதயத்தை மார்பை அழுத்தி மீட்கும் காட்சிகளைத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒவ்வொன்றாக எண்ணினர். நூற்றுக்கு 75 பேர் அவ்விடத்திலேயே உயிர் மீண்டனர். 67 பேர் நடந்து வீடு திரும்பும் நிலையிலிருந்தனர்! மெய்யான மருத்துவமனைகளில் அதில் சிறு பங்கினரே பிழைக்கின்றனர். மருத்துவமனைக்குப் போகுமுன்பே பொதுமக்கள் எந்த எதிர்பார்ப்போடு போகின்றனர் என்பதை அவ்வாய்வு காட்டிற்று. கருவறை அறுவையைப்பற்றி இவ்வாறு எவரேனும் எண்ணிப் பார்த்தால் முடிவு வேறாயிருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி, அம்மாமியார் வினாவின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். அதுதான் கூரியது. "ஏதாவது செய்யக் கூடாததைச் செய்துவிட்டாளா?" இல்லை, அம்மா, இல்லை. இரட்டை வாழைப்பழம் தின்றதால் இரட்டை உண்டாவதும் இல்லை. மாடிப்படி ஏறியதாலும், கிரகணத்தன்று வெளியே வந்ததாலும், பிம்ப்ரி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்ததாலும் குருதி ஒருபக்கம் பாய்வதும் இல்லை. கருமுட்டை பிளந்த அந்த முதல் சில நாட்களில், தான் சூலுற்றதைத் தாயே அறியுமுன், நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பது முடிவாகிவிடுகின்றது. குழாய்கள் அமைந்த விதம் அதன்பின் தானே நேர்வது. தொடரில் இரண்டும் பிழைத்தன, நம் வீட்டில் பிழைக்கவில்லை, ஆகவே எவரோ தவறினர் என்னும் வழக்கு அடியோடு தள்ளுபடி.

நிற்க. திரை காட்டாமல் விட்ட ஒன்றைப்பற்றிச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம். தொடர்களில் கதை தொடங்குவது அறுவைக்கூடத்தின் வாயிலில். மெய்வாழ்வில் இக்கதை தொடங்குவது அதற்கு இரண்டு மூன்று திங்களுக்கு முன், முதல் ஸ்கேன் அறையில். 11ஆம் வாரத்திற்கும் 14ஆம் வாரத்திற்கும் இடையே எடுக்கும் ஸ்கேனில், இரு சிசுக்களுக்கும் இடையிலுள்ள தோல் நஞ்சுக்கொடியைச் சேரும் இடத்தை உற்று நோக்கினால் உண்மை தெரிந்துவிடும். அவ்விடம் தடித்து ஆப்புப் போல் இருப்பின் கொடி இரண்டு. இது கிரேக்க எழுத்தாகிய லாம்டாவை ஒத்தது என்பர். மெல்லிய தோல் நேராக வந்து, ஆங்கில 'டி' எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் முட்டுமாயின் கொடி ஒன்று. நாட்கள் செல்லச் செல்ல இவ்வடையாளம் மங்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் போய்க் கேட்டால் உறுதியாகச் சொல்வது கடினம்.

கொடி ஒன்று என்று தெரிந்துவிட்டால் செய்யவேண்டியது எளிது: 16ஆம் வாரம் முதல் இரு வாரத்திற்கு ஒருமுறை ஸ்கேன். எவன் பக்கத்தில் நீர் பெருகுகின்றது, எவன் பக்கத்தில் வற்றுகின்றது என்று பார்ப்பதே அதன் முதல் வேலை. ஒருபுறம் நீரின் ஆழம் எட்டு சென்டிமீட்டருக்கு மேலும் மறுபுறம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழும் போனால் நோய் வந்துவிட்டது என்று பொருள். ஸ்கேன் என்பது ஒலியலையால் காண்பது, எக்ஸ்ரே அன்று; 'அடிக்கடி எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது' என்று அதைத் தள்ளிப்போடும் பாட்டிமார் இதை நினைவிற் கொள்ளல் நன்று.

நாம் கூறும் இல்லத்தில் முதல் ஸ்கேன் எடுத்த இடத்தில் 'இரட்டை' என்று மட்டும் எழுதித் தந்தனர். கொடியின் எண்ணிக்கை அத்தாளில் இல்லை. வீட்டாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவுமில்லை. இனிப்பு வழங்கினர். ஐந்தாம் மாதத்தில் ஒரே வாரத்தில் வயிறு பெருத்தபோது, "இரட்டை என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று அனைவரும் மகிழ்ந்தனர். மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சு முட்டுகின்றது என்று அப்பெண் கூறியது மூன்றாம் நாள்தான் செவியில் ஏறிற்று. இரட்டைச் சூலுற்றவளுக்கு வயிறு திடீரெனப் பெருத்து இறுகுமாயின், மறுநாள் என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவ்வொரு செய்தியை மட்டும் எழுதி அரிசிப் பானையின் மேல் ஒட்டிவைத்தாலும் தகும்.

நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு இதில் தனிச் சங்கடங்கள் உண்டு. ஒன்று, மொழி. கட்கியிலோ தேகு ரோட்டிலோ சிறு மருத்துவமனைக்குச் செல்லும் நம் பெண் தமிழில் கேட்க நினைப்பதை இந்தியில் பாதியும் சைகையில் பாதியுமாகக் கேட்கின்றாள். நஞ்சுக்கொடிக்கு மராத்தியில் 'வார்' என்று பெயர். "வார் ஏக் ஆஹே கீ தோன்?" என்று கேட்டால் போதும், கொடி ஒன்றா இரண்டா என்பதே அதன் பொருள். விடையை ஸ்கேன் தாளில் எழுதித் தரும்படியும் கேட்கலாம். கேட்பதற்கு நாணம் வேண்டியதில்லை.

மற்றொன்று, தாய்வீட்டுப் பயணம். ஐந்திலோ ஏழிலோ வளைகாப்புச் செய்து, ரயிலேற்றித் திருநெல்வேலிக்கோ வேலூருக்கோ அனுப்பிவைப்பது நம் வழக்கம். அழகிய வழக்கம்தான். ஆயினும் ஒரு கொடி இரட்டையரைச் சுமப்பவள் ஐந்தாம் மாதத்தில் ஊர் மாறினால், இருவாரக் கண்காணிப்பு அறுந்துவிடும் ஆபத்து உண்டு. புனேயில் பார்த்தவர் ஒருவர், அங்கே பார்ப்பவர் வேறொருவர். இடையில் ஒரு ஸ்கேன் தவறினால் தவறிய அந்த இரு வாரம்தான் வெள்ளம் பெருகும் வாரமாகவும் இருக்கலாம். நோய் ஏதும் இல்லாதவர்க்கே இத்தகைய பிரசவத்தை 36, 37ஆம் வாரத்தில் முடித்துவிடுவது வழக்கம் என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும். போகவே வேண்டுமென்றால், போய்ச்சேரும் ஊரில் யார் ஸ்கேன் எடுப்பார், எந்த நாளில் எடுப்பார் என்பதை டிக்கெட் வாங்குமுன் உறுதிசெய்து, எல்லாத் தாள்களையும் ஒரே பையில் போட்டுக் கையோடு கொடுத்தனுப்புங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். லேசர் சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. பெருநகரங்களில் கரு மருத்துவத்திற்கென அமைந்த சில இடங்களிலேயே செய்கின்றனர். சென்னையில் மருத்துவர் எஸ். சுரேஷ் நிறுவிய மெடிஸ்கேன் நிலையம் இத்துறையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது என்பது நம்மவர் பலரும் அறிந்ததே.

இங்கே ஒரு சிறு குறிப்பு. அமெரிக்கத் தொடரில் மருத்துவர் திரையைப் பார்த்ததும், "ஆண் ஒன்று, பெண் ஒன்று" என்று தாயிடம் கூறுவது உண்டு. நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம், கூறுவதும் குற்றம். நாடு முழுமைக்குமான சட்டம் 1994இல் வந்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்னரே, 1988இல், இந்த மகாராட்டிர மாநிலம் அத்தகைய சட்டத்தை முதன்முதலாக இயற்றிற்று. அன்றியும் ஒரு கொடி இரட்டையர் ஒரே கருமுட்டையின் மக்கள் ஆதலால், இருவரும் ஆணாகவோ இருவரும் பெண்ணாகவோதான் இருப்பர். இந்நோயுற்ற இரட்டையரை ஆணும் பெண்ணுமாக எந்தக் கதையேனும் காட்டுமாயின், ஆசிரியர் பாடம் படிக்கவில்லை என்று கண்டுகொள்ளலாம்.

இவ்வளவு கூறியதால் தொடர்களைப் பார்க்கலாகாது என்று நாம் தடை விதிப்பதாக எண்ண வேண்டா. அம்மருமகள் பின்னர் நம்மிடம் கூறியதை அப்படியே தருகின்றோம்: "டாக்டர் நோயின் பெயரைச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது, மாமா. அந்தக் கதையில் பார்த்திருந்தேன். அத்தையும் அவரும் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நான்தான் இன்றைக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்." ஆக, பிழைத்த குழந்தைக்கு அத்தொடரும் ஒரு வகையில் கடன் கொடுத்திருக்கின்றது. நோயின் பெயரைச் சரியாகச் சொன்ன கதை, நோயின் கணக்கையும் சொல்லியிருக்கலாகாதா என்பதே நம் குறை.

இந்நகரத்துச் சட்டக் கல்லூரிச் சாலையில், பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில், 1960இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரி உள்ளது. 1974இல் தில்லியிலிருந்து தொலைக்காட்சிப் பிரிவும் அங்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் அங்குப் பயில ஆசைப்படுவதுண்டு. அவர்களுள் எவரேனும் பிற்காலத்தில் மருத்துவமனைக் கதை எழுத நேர்ந்தால், ஒரு காட்சியை நாம் வழங்க விரும்புகின்றோம். உரிமைத் தொகை வேண்டா. இருண்ட சிறு அறை. நான்காம் மாதம். வெளியே வரிசை நீள்கின்றது. ஸ்கேன் பார்க்கும் பெண்மணி களைத்திருக்கின்றார். ஆயினும் கருவியைச் சற்றே சாய்த்து, ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடியும் பார்த்து, தாளில் 'கொடி ஒன்று' என்று எழுதி அடிக்கோடிடுகின்றார். தாய் ஏன் என்று கேட்கின்றாள். அவர் சொல்கின்றார். இசை ஏதும் வேண்டா.

அம்மூதாட்டியாரை இவ்வாரம் அவர் இல்லத்திற்கே சென்று கண்டோம். மேலே எழுதியவற்றை மருமகளையும் உடன் அமர்த்திப் படித்துக் காட்டினோம். மாமியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய் மருமகளுக்கென ஒரு டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டு வந்து வைத்தார். "குடி அம்மா, ஆறிவிடும்" என்றார். தொடரை அவர் இன்னும் விடாமல் பார்க்கின்றாராம். அறுவைக்கூடக் காட்சி வரும்போது மட்டும் எழுந்துபோய்ப் பேத்தியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பாராம். குழந்தை விழித்திருந்தாலும் ஆட்டுவாராம்.